கீழ்ப்புல்வெளியில் மான் இல்லை

வேம்பனுக்கு ஐம்பது வயது. அவருக்குத் தடம் பார்க்கச் சொல்லித்தந்த சடைச்சிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதனால் குரு சீடனை ‘அண்ணே’ என்பாள். சீடன் குருவை ‘அம்மா’ என்பார். மலையடிவாரத்து வேடர் குடியில் இதைக் கேட்டு முதலில் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து அவர்களுக்கே அலுத்துவிட்டது.

ஒரு கோடைக் காலையில் வேம்பன் வெறுங்கையோடு வந்தார். சடைச்சி முற்றத்தில் தினை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்குப் பதினோராவது நாள், அம்மா. கீழ்ப்புல்வெளியில ஒரு மான்கூட இல்லை.”

“வீட்டில என்ன சாப்பிடுறீங்க?”

“கிழங்கு. நேத்தும் கிழங்கு. பெண்சாதி என் முகத்தைப் பார்த்தே மூணு நாளாச்சு.”

“கிழங்கைத் தோண்டினது யாரு?”

“அவதான்.”

“அலுப்பா இருக்கும். வேற என்ன சேதி?”

வேம்பன் குரலைச் சரிசெய்துகொண்டார்.

“நாளைக்குக் குடிக்கூட்டம். திருமேனியோட மந்தையைக் கீழ்ப்புல்வெளியை விட்டுக் கிளம்பச் சொல்லப்போறோம். நான்தான் எடுத்துப் பேசணும். மாட்டைக் கண்டாலே மான் ஓடுது. எல்லாரும் கண்ணால பார்த்தாச்சு.”

திருமேனி ஆறு வருடமாக அங்கே மாடு மேய்ப்பவன். அந்தக் கோடையில் மலைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் இருந்தது கீழ்ப்புல்வெளி ஓடையில் மட்டும்தான். அங்கிருந்து கிளப்பினால் பாதி மந்தை வழியிலேயே விழுந்துவிடும்.

“அவன்கிட்ட நாலு பசு சினையா இருக்கு,” என்றாள் சடைச்சி.

“தெரியும். நல்ல மனுஷன்தான். ஆனா மாடு இருக்கிற இடத்துல மான் இருக்குமா? நீங்களே சொல்லுங்க.”

சடைச்சி முறத்தைக் கீழே வைத்தாள்.

“வில்லை எடுத்துக்கிட்டு வாங்க.”

இருவரும் மலையேறி மறுபக்கம் இறங்கினார்கள். உச்சிவெயில் வந்துவிட்டது. அந்தப் பக்கச் சரிவில் ஒரு சின்ன ஊற்று. அதைச் சுற்றி யாரோ ஒருவருடைய முப்பது மாடுகள். மாடுகளுக்கு நடுவில் ஒன்பது புள்ளிமான்கள். ஒரு பெட்டைமான் மேய்ந்த இடத்தில் பசு வாலை வீசினால் அதன் காதில் படும். படவும் பட்டது. மான் காதை உதறிவிட்டு மறுபடியும் மேய்ந்தது.

சடைச்சி குனிந்து புல்லை விலக்கிக் காட்டினாள்.

“மேல இருக்கிற முரட்டுத்தாளை மாடு கடிச்சுடுது. அப்புறம் அடியில இந்தத் துளிர் வருது. மான் வர்றது இதுக்குத்தான்.”

வேம்பன் காதில் அது விழவில்லை. எண்பதடி தூரத்தில் ஒரு கொம்புமான். இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் காளை. அவர் கை தானாகப் போய்க் காளையின் திமிலில் படிந்தது. உடம்பு அதன் மறைவில் மடங்கியது. காளை ஓரடி வைத்தால் அவரும் ஓரடி வைத்தார். காளை குனிந்தால் அவரும் குனிந்தார். மான் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது. காளைதானே என்று மறுபடியும் குனிந்துகொண்டது.

முப்பதடி. வேம்பன் அம்பைத் தொடுத்தார்.

பக்கத்தில் மெல்லிய குரல் கேட்டது. சடைச்சியும் காளையின் மறைவுக்கு வந்திருந்தாள்.

“அழகா நடக்கிறீங்க, அண்ணே. இது நான் சொல்லித்தந்தது இல்லையே?”

“நானே பழகினது,” என்று கிசுகிசுத்தார் வேம்பன். குரலில் கொஞ்சம் பெருமை. “யாருக்கும் காட்டலை.”

“எங்க பழகினீங்க?”

“கீழ்ப்புல்வெளியில. திருமேனியோட செவலைக்காளை ரொம்பச் சாது. கேட்டா கயித்தையே கையில குடுத்துடுவான். எதுக்குன்னுகூடக் கேக்க மாட்டான்.”

“எத்தனை மான் ஆச்சு?”

“ஏழு. போன கோடையிலிருந்து.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி மாடும் மானும் சேர்ந்துதான்…”

வேம்பன் காளையைத் திரும்பிப் பார்த்தார்.

காளை ஓரடி வைத்தது. அவர் வைக்கவில்லை. வெட்டவெளியில், தொடுத்த அம்போடு நின்றார். கொம்புமான் நிமிர்ந்து அவரைப் பார்த்தது. ஒரே தாவல். ஒன்பது மான்களும் மேடேறி மறைந்துவிட்டன. மாடுகள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

சடைச்சி அவரைப் பாறை நிழலுக்குக் கூட்டிப்போனாள். தினைமாவு உருண்டையைப் பிட்டுப் பாதியை நீட்டினாள். இருவரும் மேட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள்.

வெயில் சாய்ந்தபோது மான்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. மேட்டில் நின்று சரிவைப் பார்த்தன. அங்கே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் இறங்கி, மாடுகளுக்குள் கலந்தன.

வேம்பன் வில்லின் நாணை அவிழ்த்தார். சடைச்சியின் பின்னால் திரும்பி நடந்தார். குடிசைகளின் புகை தெரிகிற இடத்துக்கு வந்ததும் நின்றார்.

“நாளைக்குக் கூட்டத்துல நான் என்ன சொல்லட்டும், அம்மா?”

“மாடு நின்ன இடத்தை எல்லாரும் பார்த்திருக்காங்க, அண்ணே,” என்றாள் சடைச்சி. “நீங்க நின்ன இடத்தைச் சொல்லுங்க.”