டைகருக்கு மட்டும் விறகு

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மார்கழிக் குளிருல பல்லு கிட்டிப்போவுது. அந்த நேரம் பாத்து, "செலவு ஜாஸ்தி"ன்னு தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயத்து வீடுகளுக்குத் தினம் குடுக்கிற விறகை நிறுத்திப்புட்டாரு மேனேஜரு!

அவரு பங்களாவுல வேலை செய்யுற செவனம்மா போய் நின்னா. "ஐயா, மக பெத்துப் பத்து நாளு. பச்சப்புள்ள விறைக்குதுங்க."

மேனேஜரு மூக்கால பேசினாரு. "உங்களுக்கெல்லாம் பழகிடும்மா. என் டைகரு சீமை நாயி, தாங்காது. அதுக்கே தினம் நாலு கட்டை எரிக்கிறேன்!"

"அப்படிங்களா"ன்னு செவனம்மா வீட்டுக்கு நடந்தா. சோறு போடுற கையாச்சே, டைகரும் பின்னாலயே போயிடுச்சு.

மேனேஜரு லயத்துக்கு ஓடியாந்து விசிலடிச்சாரு. பச்சப்புள்ள பக்கத்துல படுத்திருந்த டைகரு இன்னும் ஒட்டிப் படுத்துச்சு.

"வரமாட்டேங்குதுங்க. அந்த நாலு கட்டைய இங்க அனுப்பிடுங்க ஐயா. நாயி குளிர் காயட்டும், மனுசங்க நாங்க ஓரமா ஒட்டிக்கிறோம்"ன்னா செவனம்மா.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்தா. "அக்கா, நாளைக்கு டைகரு எங்க வீட்டுக்கு!"