தவிட்டுக் கூடையில் ராஜாவின் பலம்

முன்னொரு காலத்தில், அரிசியே கூசும் அளவுக்கு அதைத் தீட்டித் தின்ற ராஜா ஒருவர் இருந்தார். ஏழு தீட்டு. எட்டாவது முறை தீட்டினால் அரிசியே மிஞ்சாது என்பதால்தான் ஏழோடு நிறுத்தினார்கள். சோறு மல்லிகைப் பூவாய் இருந்தது; ராஜாதான் வாடிப் போனார். சிங்காசனத்திலிருந்து எழுப்ப நாலு பேர் வேண்டும். உட்கார வைக்க ஒருவர் போதும். உட்காருவது அவருக்கே கொஞ்சம் வரும்.

ஏழு தீட்டு என்பது தளவாய் கனகசபாபதியின் யோசனை. பழி தம் தலையில் விழுமுன் அவர் முந்திக்கொண்டார்.

"பிரபு! தங்களுக்கு நெல் குத்தும் அரியநாச்சியைப் பாருங்கள். ஆறு பிள்ளை பெற்றவள், உலக்கையைத் துரும்பாய்த் தூக்குகிறாள். தங்கள் பலத்தைத்தான் வீட்டுக்குத் திருடிப் போகிறாள்!"

"அப்படியானால் தளவாய் அவர்களின் மூளையைத் திருடியது யார்?" என்று கேட்டுவிட்டான் விதூஷகன் சங்கிலியாண்டி. நாக்கு அவனைக் கேட்டுக்கொண்டா ஆடுகிறது?

ராஜா சீறினார். "நாளை உச்சிப்பொழுதுக்குள் என் பலத்தை மீட்டு என் முன் வை. தவறினால் அவளோடு நீயும் நாட்டைவிட்டு நட!"

சங்கிலியாண்டி அவள் வீட்டுக்குப் போனபோது அரியநாச்சி அழுத கண்ணோடு அடை தட்டிக்கொண்டிருந்தாள்.

"சாமி, ஒரு மணி அரிசி எடுத்ததில்லை. குத்துக்கூலியாத் தர்ற தவிடுதான். வெல்லம் போட்டு அடை சுட்டுப் பிள்ளைங்களுக்குக் குடுக்கிறேன்."

அவன் ஓர் அடை தின்றான். இரண்டாவதும் தின்றான், விசாரணை முறையாக நடக்க வேண்டுமல்லவா? "அழாதே ஆத்தா. நீ திருடிதான்னு நாளைக்கு நானே சொல்லப்போறேன்."

அவள் இன்னும் பலமாக அழுதாள்.

மறுநாள் தலையில் கூடையோடு சபைக்கு வந்தான். "பிரபு, தளவாய் சொன்னது சத்தியம். அவள் வீட்டைத் துருவிப் பார்த்தேன். அரண்மனையிலிருந்து அங்கே போனது இந்தத் தவிடு ஒன்றுதான். ஆகவே தங்கள் பலம் இதற்குள்தான் இருக்கிறது."

"மாட்டுத் தீனி! அதில் ஏதடா சத்து?" என்று கத்தினார் தளவாய்.

"சத்து இல்லையென்றால் அவள் திருடி இல்லை. உண்டென்றால், அரிசியிலிருந்து அதைச் சுரண்டி அவள் கூடையில் போட வைத்தவர் தாங்கள். எது என்று தாங்களே சொல்லுங்கள்."

சங்கிலியாண்டி ராஜா பக்கம் திரும்பினான்.

"களவுப் பொருளை உடையவரிடம் சேர்ப்பதுதானே, பிரபு, சட்டம்? உமியை மட்டும் நீக்கி, தவிடு போகாத அரிசியை உண்ணுங்கள். அவளுக்குக் கூலியாக நெல்லே அளந்துவிடுங்கள்."

முதல் நாள் ராஜாவுக்குத் தாடை வலித்தது. மூன்றாம் நாள் வயிறு தன் கடமையை உணர்ந்தது. ஒரு மண்டலம் கழித்துத் தாமாகவே எழுந்து, நெல் குத்தும் முற்றத்துக்கு நடந்தே போனார். "உன்மேல் குற்றமில்லை அம்மா," என்றார். அரியநாச்சிக்கு அப்போதும் அழுகைதான் வந்தது. இது வேறு அழுகை.

சங்கிலியாண்டிக்குப் பொற்கடகம் பூட்டி, "வேறென்ன வேண்டும்?" என்றார் ராஜா.

"களஞ்சியத்தில் ஏழு தீட்டு அரிசி நூறு மூட்டை மிச்சமிருக்கிறதே, பிரபு..."

"எடுத்துக்கொள்!"

"ஐயோ, எனக்கு எதற்கு? அதன் அருமை தெரிந்தவர் தளவாய் ஒருவர்தான். அவருக்கே கொடுங்கள், கடைசி மணிவரை அவரே உண்ணட்டும்."

ராஜா சிரித்த சிரிப்பில் முற்றத்துப் புறாவெல்லாம் பறந்தன. தளவாய் மட்டும் குனிந்து, "சித்தம், பிரபு," என்றார்.