டயர் கடை வட்டம்

"என் வாசிப்பில் என்ன குறை, டீச்சர்?" என்று கேட்டார் நோலன்.

நோலனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. டீச்சர் ரொவீனா அவரைவிடப் பத்து வயது சின்னவர். கற்றுக்கொள்ள வந்தவனுக்கு வயதென்ன வயது?

கலிஃபோர்னியாவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, பாஞ்சோ வாத்தியமும் கையுமாகக் கென்டக்கி மலைக்கு வந்த மனுஷன் அவர். புளூகிராஸ் என்கிற மலைநாட்டு இசையை வாசித்தால் இந்த மலைக்காரர்களோடு வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசித்தே பிரயோஜனமில்லை என்பார். கிறுக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

பாட்டு ஒன்றுதான். நடைதான் ஊருக்கு ஊர் மாறும். மேற்கே, கலிஃபோர்னியாப் பக்கம், மெட்டை விட்டு இறங்கி எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திரும்புவார்கள். மலையில் அதெல்லாம் ஆகாது. மெட்டை ஒட்டியே போய், சுருக்காக முடித்துவிட வேண்டும். பழைய நடையை மறந்து இதைப் பிடிக்க, வருஷக்கணக்காக விரலைத் தேய்த்தார் நோலன்.

சனிக்கிழமை மத்தியானங்களில் ஹார்லனின் டயர் கடையில் ஊர்க்காரர்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வாசிப்பார்கள். யார் வேண்டுமானாலும் உட்காரலாம், பின்னால் சேர்ந்து வாசிக்கலாம். தனியாக வாசிக்க மட்டும், அதுவரை வாசித்தவர் உங்களைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும்.

அந்தத் தலையசைப்பு ஒவ்வொரு வாரமும் நோலனைத் தாண்டிப் போயிற்று.

யாரும் முகம் கோணவில்லை. காப்பி கொடுத்தார்கள், சௌக்கியம் விசாரித்தார்கள், தாண்டிப் போனார்கள். அந்த மரியாதைதான் வயிற்றெரிச்சல்.

ரொவீனா ஒரு பாட்டை வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார்.

"குறை ஒன்றும் இல்லை."

"பிறகு ஏன் என்னைத் தாண்டுகிறார்கள்?"

ரொவீனா பாஞ்சோவை வாங்கித் துடைத்து, பெட்டியில் வைத்து மூடி, அவர் கையிலேயே கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை நோலனுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு புதிய பெண் வந்து உட்கார்ந்தாள். பெயர் மாரிபெல். டெக்சஸிலிருந்து இந்த ஊருக்கு வேலைக்கு வந்தவள். ஃபிடிலைச் சுருதி சேர்க்கும்போதே வில்லை நீள நீளமாக இழுத்தாள். மலைக்காரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பாட்டு ஆரம்பித்தது. ஹார்லன் மாண்டலின் வாசித்து முடித்து, நிமிர்ந்து, நோலனைப் பார்த்துத் தலையசைத்தார்.

நோலன் பாஞ்சோவை நிமிர்த்திக்கொண்டார். விரல் பிசகவில்லை. மெட்டை ஒட்டியே வாசித்து, சுருக்காக முடித்தார்.

இனி அவர் தலையசைக்க வேண்டும்.

மாரிபெல் ஃபிடிலைத் தோளில் ஏற்றி, வில்லைத் தூக்கிக்கொண்டு தயாராக இருந்தாள். நோலன் அவளைப் பார்த்தார். பிறகு ஹார்லனின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

நோலன் அவளைத் தாண்டி, அந்தப் பக்கம் இருந்த உள்ளூர் முடிதிருத்துகிறவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

மாரிபெல் வில்லை இறக்கிக்கொண்டாள். சிரிக்கவும் செய்தாள், பாவம்.

வட்டம் கலைந்ததும் ஹார்லன் நோலனின் தோளில் தட்டி, ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

நோலன் நேரே ரொவீனாவிடம் ஓடினார். ஹார்லன் தலையசைத்தது, தான் வாசித்தது, பக்கத்தில் இருந்த டெக்சஸ்காரியைத் தாண்டியது, ஹார்லன் விருந்துக்கு அழைத்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மறைக்க வேண்டியது அதில் ஏதாவது இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"இப்போதாவது சொல்லுங்கள், டீச்சர். இத்தனை நாள் என்னிடம் இருந்த குறை என்ன?"

"உங்களிடம் ஒரு குறையும் இருந்ததில்லை, நோலன். இன்றைக்குத்தான் வந்திருக்கிறது."