நீலமான் பங்கும் மூன்று வாக்குகளும்

தீர்ப்புச் சொல்வதில் நீங்கள் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையைக் கேளுங்கள். கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர். மூவருமே கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். ஆனாலும் ஒருவனுடைய லாரி போய்விட்டது.

வேடசந்தூரில் புகையிலை வியாபாரம் செய்த கனகசபைக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் சிவநேசன் திண்டுக்கல்லில் பெயிண்ட் கடை வைத்திருந்தான். அடுத்தவள் மரகதம், மதுரையில் ஒரு மருத்துவமனையில் நுரையீரல் டாக்டர். கடைசி மகன் தணிகாசலம் இருபது வருடமாக அடுத்தவர் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தான். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சொந்த லாரிக்கு முன்பணம் சேர்த்துவிட்டான். லாரியை வாங்குடா, லாரியை வாங்குடா என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்கா அவனை நச்சரிப்பாள்.

கனகசபை விட்டுப்போனது நீலமான் என்ற சிகரெட் கம்பெனியின் பங்குகளை. மனிதர் பங்கையும் வயல் மாதிரியே நினைத்தார். விற்பதானால் முதலில் கூடப்பிறந்தவர்களைக் கேட்க வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால்தான் வெளி ஆள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி மூவரிடமும் சத்தியம் வாங்கினார். "உங்க பெரியப்பன் எனக்கு வயலைக் கொடுத்தாரே, அது மாதிரி நடந்துக்கணும்" என்றும் சொன்னார். அந்தப் பெரியப்பா விலை பேசுவதற்கு முன்னால் தம்பியைக் கூட்டிப்போய், கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டதைக் காட்டிய மனிதர்.

அதே ஆஸ்பத்திரியில் இன்னொன்றும் நடந்தது. அப்பா பிழைப்பாரா என்று சிவநேசன் தங்கையைக் கேட்டான். "என்ட்ட மட்டும் கேக்காதண்ணே" என்றாள் மரகதம். பத்தாம் நாள் அப்பா போய்விட்டார்.

மின்சிகரெட்டுக்கு இன்னும் தடை வராத காலம் அது. நீலமான் கம்பெனியும் பேனா மாதிரி ஒரு மின்சிகரெட்டைச் செய்து விற்றது, பங்கு ஏறியது. எங்கோ பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல் என்று பேப்பரில் வந்தது, இறங்கியது. அது எங்கள் சரக்கே இல்லை என்று கம்பெனி மறுத்தது, மறுபடியும் ஏறியது. சட்டம் வருகிறது என்பார்கள், வராது என்பார்கள். சிவநேசனுக்குக் கல்லாவில் உட்கார்ந்தாலும் கண் போனில்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை மரகதத்தின் வார்டுக்குக் கல்லூரி மாணவன் ஒருவன் மூச்சுவிட முடியாமல் வந்தான். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பேர். மூவரின் சட்டைப்பையிலும் நீலமான் பேனா இருந்தது. மரகதம் அன்றே சுகாதாரத் துறைக்கு எழுதினாள். சோதனை முடிந்து தாங்கள் அறிவிக்கும்வரை யாரிடமும் பேசக் கூடாது என்று உத்தரவு வந்தது, சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். அவளிடமும் பங்கு இருந்தது. அதை அவள் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை சிவநேசன் போன் செய்தான். எப்போதும் கேட்கிற கேள்விதான். நீலமானை வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா? மரகதம் சொன்னாள்.

"என்ட்ட மட்டும் கேக்காதண்ணே."

ஆஸ்பத்திரியில் கேட்ட அதே பதில் என்று சிவநேசனுக்குப் புரிந்தது. அன்று மதியமே தம்பியைக் கூப்பிட்டான். கடையைப் பெரிதாக்கப் பணம் வேண்டும், பங்கை விற்கப் போகிறேன், அப்பாவுக்குச் சொன்னபடி முதலில் உன்னைக் கேட்கிறேன் என்றான். தணிகாசலத்துக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. அப்பாவின் பங்கை வெளி ஆளுக்கு விடுவதா, லாரிக்குச் சேர்த்த பணத்தில் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். மறுநாள் பத்து மணிக்குத் தரகர் அலுவலகத்தில் கையெழுத்து.

புதன்கிழமை ஒன்பதரைக்கு, தரகர் அலுவலகப் படியில் நின்றபடி, தணிகாசலம் அக்காவுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலில் வந்த பையன் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தான். மரகதம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பேசாமல் இருந்தால் தம்பி அழிந்தான்.

"தணிகா, லாரியை வாங்குடா."

"அது அடுத்த வருசம் பாத்துக்கலாம்க்கா. அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்ல."

"லாரியை வாங்குடா."

அவன் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். அவள் உடனே அண்ணனை அழைத்தாள். மூன்று முறை மணி அடித்தது. சிவநேசன் ஒவ்வொரு முறையும் பெயரைப் பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பத்து மணிக்குக் கையெழுத்தானது.

வியாழக்கிழமை அறிவிப்பு வந்தது. நீலமான் பேனாவுக்குத் தடை, கம்பெனி மேல் விசாரணை. பங்கு விழுந்தது. தணிகாசலத்தின் முன்பணத்தில் மிஞ்சியதை வைத்து நாலு டயர் வாங்கலாம், லாரி வாங்க முடியாது.

அப்பாவிடம் சொன்னபடி தம்பிக்குத்தான் முதலில் கொடுத்தேன் என்கிறான் சிவநேசன். உத்தரவை மீறாமல் சொல்ல முடிந்ததைச் சொன்னேன் என்கிறாள் மரகதம். அவளுடைய பங்கும் போயிற்று. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கை மாற்றவில்லை என்கிறான் தணிகாசலம். இப்போது நீங்கள் சொல்லுங்கள். இந்த மூவரில் வாக்குத் தவறியவர் யார்?

விடை: சிவநேசன்தான். தம்பியை முதலில் கேட்பது வாக்கில் பாதி. கிணற்றைக் காட்டிவிட்டு விலை பேசுவது மறுபாதி, அதை அவன் விழுங்கிவிட்டான். அப்படியானால் வெளி ஆளுக்கு விற்றிருக்கலாமே என்பீர்கள். அந்த ஆளும் ஏதோ ஒரு லாரிக்குச் சேர்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான். தங்கையைப் போலப் பங்கைத் தொடாமல் இருந்து நஷ்டப்படுவதைத் தவிர சிவநேசனுக்கு வேறு நேர்வழி இல்லை. அது தெரிந்ததால்தான் போனை எடுக்கவில்லை. மரகதத்தின் மேல் குற்றம் இல்லை. லாரியை வாங்கு என்பது வார்டு ரகசியம் அல்ல. அந்தப் பையன்கள் வராமலே இருந்திருந்தாலும் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள். தணிகாசலம் ஏமாந்தான், தப்புச் செய்யவில்லை. இந்தப் பொங்கலுக்கும் அவன் அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். அவள் லாரியைப் பற்றிப் பேசவே இல்லை.