மங்குஸ்தான் தோலும் சுடலைமுத்துவின் காலும்

மலையடிவாரத்தில் சித்த வைத்தியம் பார்த்துவந்த இசக்கியம்மாளுக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் குற்றாலிங்கம். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். பள்ளியில் இசக்கியம்மாளுக்குப் பாடம் நடத்தியவரும் அவரே. அதனால் சீடர் குருவை ‘அம்மா’ என்பார். குரு சீடரை ‘சார்’ என்பார். இருவருக்கும் இதில் கொஞ்சம் கூச்சம் உண்டு. மாற்றிக்கொள்ளத்தான் தெம்பில்லை.

ஒரு சாயங்காலம், அறுபதாவது நோயாளியையும் அனுப்பிவிட்டு இசக்கியம்மாள் கண்ணை மூடியபோது சீடர் வந்து நின்றார்.

“பழத்தோல் சாயத்தில் மருந்து இருக்கிறதா அம்மா?”

“ஏன் சார்?”

“இருக்கிறது. நிரூபித்துவிட்டேன்.”

“அப்புறம் ஏன் கேக்கிறீங்க?”

“நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும்.”

நிரூபணம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பெயர் சுடலைமுத்து. பஸ் நிலையத்தில் ஜூஸ் கடை. சர்க்கரை நோய்க்காரர், இடது கால் கட்டைவிரலில் புண். அவர் கடையில் குப்பைக்குப் போகும் மங்குஸ்தான் தோலையே தொட்டியில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் அவர் காலை ஏழு வாரமாக நனைத்துவந்தார் குற்றாலிங்கம். பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சுடலைமுத்து கிளம்பும்போதெல்லாம், “இன்னும் ஒரே வாரம்” என்று நிறுத்தினார்.

சீடர் நோட்டை விரித்து வாசித்தார்.

“முதல் வாரம் புண் சிவப்பு. இரண்டாம் வாரம் இளம் ஊதா. நாலாம் வாரம் ஊதா. இப்போது கருநீலம். சிவப்பு அறவே இல்லை. அதாவது, ஆறிவிட்டது.”

ஊதாவில் மட்டும் ஏழு வகை பிரித்திருந்தார். எட்டாவதற்குப் பெயர் கிடைக்காததால் ஒரு நாள் பதிவு விட்டுப்போயிருந்தது.

“சாரு எங் காலக் கத்தரிக்கா ஆக்கிட்டாவம்மா,” என்றார் சுடலைமுத்து.

“வலிக்குதா அண்ணாச்சி?”

“பத்து நாளா இல்ல. அங்க ஒண்ணுமே தெரியல.”

“பாருங்கள், வலியும் போய்விட்டது.” குற்றாலிங்கம் அதையும் எழுதிக்கொண்டார்.

இசக்கியம்மாள் எழுந்தார். சீடர் கூடவே கொண்டுவந்திருந்த சாற்றுத் தொட்டிக்குள் தம் இடது காலை விட்டு, சுவரில் சாய்ந்து நின்றார். நின்றபடியே தூங்கிவிட்டாரோ என்று சீடருக்குச் சந்தேகம். அரைமணி கழித்துக் காலை எடுத்துத் துடைத்து, காயவிட்டு, சுடலைமுத்துவின் கால் பக்கத்தில் நீட்டினார்.

“நிறத்தைப் பாத்துச் சொல்லுங்க சார். எந்தக் கால் நல்ல கால்?”

குற்றாலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். இரண்டும் கருநீலம்.

“நிறத்தில் வித்தியாசம் இல்லை அம்மா.”

“என் விரலைத் தொடுங்க.”

“சூடாக இருக்கிறது.”

“அவர் விரல்?”

சீடர் தொட்டார். உடனே கையை எடுக்கவில்லை.

“ஜில்லென்று இருக்கிறது.”

“சாரு, என்னாச்சு?” என்றார் சுடலைமுத்து.

இசக்கியம்மாள் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார்.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்றார்கள். கூடப் போயிருந்த இசக்கியம்மாளையும் வராந்தாவில் வைத்துத் திட்டினார்கள். “ஏழு வாரமாக நீங்க என்ன பார்த்தீங்க?” என்றதற்கு, “பார்க்கல,” என்றார் அவர்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து குருவும் சீடரும் பஸ்ஸில் திரும்பினார்கள். உட்கார இடமில்லை.

“அந்தச் சாற்றைக் கொட்டிவிடுகிறேன் அம்மா,” என்றார் குற்றாலிங்கம். “அதில் ஒன்றும் இல்லை.”

“இருக்கலாம் சார்.”

“இருக்கிறதா?”

“தெரியாது.”

“ஏழு வாரம், ஒரு நாள் தவிர எல்லா நாளும் எழுதியிருக்கிறேன். அப்படியும் தெரியாதா?”

இசக்கியம்மாள் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆறினா கருநீலம்னு எழுதுனீங்க. ஆறலன்னா எழுத, என்ன நிறம் வச்சிருந்தீங்க சார்?”