வெருகன் பின்னிய மீன்கூடு

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், சலசலவென்று ஓடும் ஓடையில் மினுக்கி என்ற அயிரை மீன் இருந்தது. ஆள் விரல் நீளம்கூட இல்லை. வாய் மட்டும் ரொம்ப நீளம்!

ஒருநாள் காலையில் எறும்பு முட்டை வாசம் அதன் மூக்கைத் துளைத்தது. மினுக்கிக்கு எறும்பு முட்டை என்றால் உயிர். வாசம் வந்த பக்கமாக ஒரே ஓட்டம். அங்கே ஈச்ச ஈர்க்கில் பின்னிய கூடு ஒன்று தண்ணீரில் கிடந்தது.

சறுக்கென்று உள்ளே நுழைந்து, ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு திரும்பினால்... ஐயோ! கூட்டின் வாயில் கூரிய ஈர்க்குகள் உள்பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றன. வரும்போது வழிவிட்டவை, போகும்போது முகத்தில் குத்தின.

"மாட்டிக்கொண்டாயா!" என்று கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

காட்டுப்பூனை வெருகன்தான். காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அதற்குப் பிடிக்காது. ஆனால் மீன் மட்டும் வேண்டும்! அதற்காகத்தான் இந்தக் கூட்டையே பின்னியிருந்தது.

"என்னைத் தின்றால் உங்கள் பல்லிடுக்குக்குக்கூடப் பத்தாதே, மாமா!" என்றது மினுக்கி.

"உன்னை யார் தின்னப் போகிறார்கள்? மடுவில் ஒரு விரால் மீன் இருக்கிறது. என் தொடை தண்டி! உயிரோடு துள்ளுகிற இரையைத்தான் அது தொடும். வெயில் சாய்ந்ததும் உன்னை முள்ளில் கோத்து, கொடியில் கட்டி, மடுவில் விடப்போகிறேன்."

மினுக்கிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதால் ஈர்க்கு வளையுமா என்ன? தன் வாயையே நம்பிப் பேச்சை எடுத்தது.

"போயும் போயும் ஒரே ஒரு அயிரையை நம்பியா இறங்குகிறீர்கள்? விரால் என்னை வெடுக்கென்று பறித்துக்கொண்டு போய்விட்டால்?"

வெருகன் காதைச் சொறிந்தது. "அட, ஆமாம்!"

"இங்கே பாருங்கள், என் பெரியப்பா, அத்தை, அத்தை பிள்ளைகள் எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். கண்ணெல்லாம் முட்டைமேல்தான். ஈர்க்கு குத்துமே என்று பயப்படுகிறார்கள். அதைப் பிடுங்கிவிடுங்கள், ஒருவர் பாக்கியில்லாமல் உள்ளே வருவார்கள். சத்தியம்!"

வெருகன் எட்டிப் பார்த்தது. கூட்டைச் சுற்றி அயிரைக் கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது. "அடேயப்பா! இத்தனையும் கிடைத்தால் மடுவையே காலி செய்துவிடலாமே!" என்று எச்சில் ஊற, கண்ணை இறுக மூடிக்கொண்டு காலைத் தண்ணீரில் விட்டது. ஈர்க்குகளை ஒன்றுவிடாமல் பிடுங்கி எறிந்தது. பிறகு கரையில் மல்லாந்து படுத்து, நனைந்த காலை வெயிலில் காயவைத்தது.

மினுக்கி அப்போதே பாய்ந்து தப்பியிருக்கலாம். ஆனால் சத்தியம் செய்தாயிற்றே!

"பெரியப்பா! அத்தை! பந்தி போட்டாயிற்று, வாருங்கள்!" என்று கூவியது.

குடும்பமே திமுதிமுவென்று உள்ளே நுழைந்தது. ஆளுக்கொரு முட்டை, ஆசைக்கு இன்னொரு முட்டை! பந்தி முடிந்ததும் வயிற்றைத் தடவிக்கொண்டு எல்லோரும் வந்த வழியே வெளியேறினார்கள். மினுக்கியும் அவர்களோடு கும்மாளமிட்டுக்கொண்டு போனது.

வெயில் சாய்ந்தது. வெருகன் ஆசை ஆசையாகக் கூட்டைத் தூக்கியது. தண்ணீர்தான் அதன் முகத்தில் கொட்டியது. உள்ளே மீனும் இல்லை, முட்டையும் இல்லை!

"அடி பாவி! சத்தியம் செய்தாயே!"

நடு ஓடையில் மினுக்கி தலையை நீட்டியது. "செய்தேனே, மாமா! ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். தங்குவார்கள் என்று நான் சொல்லவே இல்லையே!"

ஓடை முழுக்க ஒரே சிரிப்பு. வெருகன் ஈரத் தலையை உதறிக்கொண்டு, பட்டினியோடு வீட்டுக்கு நடந்தது.

நீதி: இன்னும் இன்னும் வரட்டும் என்று வாசலை அகலமாக்குகிறவன், உள்ளே இருப்பதையும் இழப்பான்.