கொன்றையூர் சபை கேட்காத வார்த்தை

கொன்றையூர் ராஜா சொக்கலிங்க பூபதிக்கு இங்கிலீஷ் பைத்தியம் தலைக்கேறியிருந்த காலம் அது. வெள்ளிக்கிழமையானால் சபையில் தமிழ் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாம் இங்கிலீஷ்தான்! பாவம், சபையோருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: "யெஸ், யுவர் ஹைனஸ்." ராஜா கேட்பதும் பெரும்பாலும் தன்னைப் பற்றித்தான். என் வேட்டை எப்படி, என் பாட்டு எப்படி என்பார். அத்தனை பேரும் "யெஸ், யுவர் ஹைனஸ்" என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார்கள். நம் சபை இங்கிலீஷில் புலியாகிவிட்டது என்று ராஜாவுக்கு ஒரே பூரிப்பு.

அதே ஜோரில் ஊருக்கு ஒரு ஹைஸ்கூலும் கட்டினார். இங்கிலீஷ் வாத்தியார் தேவசகாயம். தினமும் காலையில் ஒரு புது வார்த்தை, ஒரு இலக்கண வாக்கியம். அவர் சொல்லுவார், வகுப்பே ஒரே குரலில் திருப்பிச் சொல்லும். தெருக்கோடி வரை கேட்கும், போங்கள்!

திவான் ஆவுடையப்பனுக்கு அந்தக் கட்டடத்தின் மேல் ஒரு கண். தன் குதிரைகளுக்கு லாயமாக்கினால் எவ்வளவு காற்றோட்டமாக இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் ராஜாவை நைசாகப் பேசிப் பள்ளிக்கூடத்துக்கே அழைத்து வந்துவிட்டார். சபை விகடர் சீனிக்கண்ணுவும் கூட வந்தார்.

ராஜா கம்பீரமாகக் கேட்டார். "வாட் இஸ் யுவர் நேம்?"

பத்தாம் வகுப்பு முழுவதும் எழுந்து நின்று பாடியது. "வாட் இஸ் யுவர் நேம்?"

"சைலன்ஸ்!"

"சைலன்ஸ்!"

ராஜாவின் முகம் சிவந்தது. திவான் காதருகே வந்தார். "பார்த்தீர்களா மகாராஜா? உங்களையே வாயை மூடச் சொல்கிறார்கள்."

"கிளிப்பிள்ளைகள்! இதற்கா இவ்வளவு செலவு?" என்று கத்தினார் ராஜா. "வாத்தியாரே, வெள்ளிக்கிழமை இவர்களைச் சபைக்குக் கூட்டி வாரும். நான் ஒரு கேள்வி கேட்பேன். இதுவரை சபையில் எனக்கு யாருமே சொல்லாத ஒரு பதிலை, ஒரு பிள்ளையாவது இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சொன்னால் பள்ளிக்கூடம் இருக்கும். இல்லையென்றால் மறுநாளே குதிரை லாயம்."

அவர்கள் போனதும் தேவசகாயம் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ராஜா இங்கிலீஷ் அகராதியையே கரைத்துக் குடித்தவராச்சே ஐயா! அவர் கேட்காத பதிலுக்கு நான் எங்கே போவேன்? இந்தப் பிள்ளைகளின் படிப்பு என்னோடு முடிந்தது."

பின்னாலேயே நின்றுவிட்ட சீனிக்கண்ணு வெற்றிலையை மடித்தபடி சொன்னார். "ஒரு வார்த்தை போதும் வாத்தியாரே. ஆனால் கூட்டமாகப் பாடக் கூடாது. ஒவ்வொருத்தராக யோசித்து, மனசில் பட்டதைச் சொல்ல வேண்டும். தினமும் பழக்குங்கள்." பிறகு காதில் என்னவோ சொன்னார்.

"அட கடவுளே, இதையா? தலை போய்விடுமே!"

"போனால் என் தலையும் சேர்ந்துதான் போகும். துணைக்கு ஆள் இருக்கிறது, பயப்படாதீர்கள்."

வெள்ளிக்கிழமை வந்தது. சபை நிறைந்திருந்தது. ராஜா தாமே மெட்டுப் போட்ட இங்கிலீஷ் பாட்டு ஒன்றைத் தொண்டை கிழியப் பாடினார். மாடத்துப் புறாக்கள் எல்லாம் பறந்துபோயின. சபையோர் கை வலிக்கத் தட்டினார்கள்.

"டு யூ லைக் மை சாங்?" என்றார் ராஜா.

"யெஸ், யுவர் ஹைனஸ்!" என்றது சபை.

ராஜா மாணவர்கள் பக்கம் திரும்பி, முன்வரிசையில் இருந்த நாச்சியார் என்ற பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டார். "டு யூ லைக் மை சாங்?"

நாச்சியார் எழுந்து நின்றாள். வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்துகொண்டிருந்தார். நாச்சியார் தெளிவாகச் சொன்னாள்.

"நோ, யுவர் ஹைனஸ். ஐ டோன்ட் லைக் யுவர் சாங்."

திவான் துள்ளி எழுந்தார். "என்ன திமிர்! மேலும் 'நோ' ஒரு வார்த்தையா மகாராஜா? தொட்டில் பிள்ளைக்கும் தெரியுமே! நாளைக்கே குதிரைகளை ஓட்டி வரச் சொல்கிறேன்."

சீனிக்கண்ணு மெல்ல முன்னால் வந்தார். "மகாராஜா, தெரியாத வார்த்தையா கேட்டீர்கள்? இந்தச் சபையில் யாரும் உங்களுக்குச் சொல்லாத பதிலைத்தானே கேட்டீர்கள்? இதோ இருக்கிறார்கள் இத்தனை பேர். யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, உங்களிடம் இதைச் சொல்லியிருந்தால் கை தூக்கட்டும். இப்போதே பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடலாம்."

ராஜா சபையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கையும் எழவில்லை. திவான் தன் செருப்பைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனய்யா, நீயும் சொன்னதில்லையே?" என்று சீனிக்கண்ணுவைக் கேட்டார்.

"நானும்தான் மகாராஜா. எனக்கும் வயிறு இருக்கிறதே."

ராஜாவின் மீசை துடித்தது. இனி தலை உருளப்போகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் வந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "அப்போ என் பாட்டு நிஜமாகவே சகிக்கவில்லையா அம்மா?" என்று நாச்சியாரைக் கேட்டார்.

"நோ பாட்டு, பெட்டர், யுவர் ஹைனஸ்," என்றாள் அவள். பதற்றத்தில் படித்த இலக்கணம் எல்லாம் பறந்துவிட்டது.

தன் சொந்த அகராதியை எடுத்து அவள் கையில் கொடுத்தார் ராஜா. தோளில் இருந்த பட்டுச் சால்வை சீனிக்கண்ணுவுக்குப் போனது. "பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகவே இருக்கும்" என்றதும் தேவசகாயத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு ராஜா சபையோரைப் பார்த்து விரலை ஆட்டினார். "கிளிப்பிள்ளைகள் யார் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. நாளை முதல் தினமும் காலையில் திவான் உட்பட எல்லோரும் அந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, 'நோ' சொல்லப் பழக வேண்டும். பயப்படாமல் வரும்வரை விடமாட்டேன். என்ன, செய்வீர்களா?"

சபை முழுவதும் எழுந்து நின்று, ஒரே குரலில் சொன்னது.

"யெஸ், யுவர் ஹைனஸ்!"